காரில் தீய்ந்த வாடை: சூட்டைத் தொடர்ந்து போய்ப் பிடித்த கோளாறு

காரை நிறுத்திவிட்டு இறங்கினால் தீய்ந்த வாடை. ஓட்டும்போது உள்ளே எதுவும் தெரியாது. கதவைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து அடிக்கும். பத்து வருடம் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக், கையால் போடும் கியர், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம். முதல் தடவை வாடை வந்தது ஏற்காட்டிலிருந்து இறங்கிய அன்று. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிய வண்டியில் கொஞ்சம் பிரேக் வாடை வருவது சகஜம்தான். ஆனால் அதற்குப் பிறகு சேலம் ஊருக்குள்ளேயே, அஸ்தம்பட்டி வரை போய்த் திரும்பினாலும் அதே வாடை வந்தது. சமதளத்தில் சாதாரணமாக ஓட்டியும் தீய்ந்த வாடை வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் முன்பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

"கிளட்ச் பிளேட்டு தீஞ்சிருக்குதுங்க சார். மலை ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச் புடிச்சிருப்பீங்க. செட்டாவே மாத்திரலாம்."

"ஏத்தத்துல ஒண்ணும் வரலீங்கண்ணா. இறங்கினப்புறம்தான் வந்துச்சு."

"அப்படித்தான் சார், லேட்டாத்தான் தெரியும்."

கிளட்ச் செட் மாற்றுவதென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். நாள் முழுக்க வேலை, பெரிய செலவு. மலைக்குப் போய்வந்த எத்தனையோ வண்டிகளில் அவர் கண்டது கிளட்ச்சாக இருந்திருக்கலாம், அதனால் அவர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆனாலும் கிளட்ச்தான் என்று காட்டும் சோதனை ஒன்றுகூடச் செய்யாமல் கியர் பாக்ஸில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே பார்த்துவிடுவோம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

எப்போது வருகிறது, எங்கே வருகிறது

மூக்கை வைத்து ஓரளவுக்குத்தான் கண்டுபிடிக்க முடியும். வயர் இன்சுலேஷன் உருகினால் மூக்கைக் குத்தும் பிளாஸ்டிக் வாடை. இன்ஜின் ஆயில் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டினால் கருகிய எண்ணெய் வாடை, கூடவே பானட் ஓரத்தில் லேசான நீலப் புகை. கூலன்ட் கசிந்தால் இனிப்பு கலந்த வாடை. பெல்ட் வழுக்கினால் ரப்பர். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பக்கம் கோளாறு என்றால் அழுகிய முட்டை நாற்றம். சிக்கல் என்னவென்றால், கிளட்ச் பிளேட்டும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் தீய்ந்தால் வரும் வாடை ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் உராயும் பொருளைப் பிசின் போட்டுத்தான் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பிசின்தான் கருகுகிறது. அதனால் அனுபவசாலி மூக்குகூட இங்கே தடுமாறும்.

ஆகவே வாடை எந்த நிலையில் வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓட விட்டு, ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். வாடை இல்லை. எலக்ட்ரிக்கல் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் வண்டி ஓட வேண்டும் என்ற அவசியமில்லை. கரண்ட் ஓடினாலே போதும். ஏசியில் வெளிக்காற்று எடுக்கும் நிலை, உள்காற்றையே சுழற்றும் நிலை என்று இரண்டு உண்டல்லவா, அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வெளிக்காற்று முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக வருகிறது. இன்ஜின் அறையில் ஏதாவது கருகினால் அந்த நிலையில் உள்ளே வாடை வரும், உள்காற்றுக்கு மாற்றினால் குறையும். இரண்டு நிலையிலும் வந்தால் டாஷ்போர்டுக்குள் ஏசி காற்றின் வேகத்தை மாற்றும் புளோயர் ரெசிஸ்டரையோ அதன் கனெக்டரையோ சந்தேகிக்கலாம். எனக்கு இரண்டிலும் வரவில்லை.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் மேல்மூடியின் வால்வ் கவர் கேஸ்கட் ஓரம் ஆயில் கசிவில்லாமல் காய்ந்திருந்தது. எக்ஸாஸ்ட் மேல் சொட்டு இல்லை. எலிக் கூடு இல்லை. தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், துணியும் தேங்காய் நாரும் கொண்டுவந்து இன்ஜின் மேலேயே அடைத்து வைத்திருக்கும். வண்டிக்கு அடியில் சைலன்சரில் பிளாஸ்டிக் பை ஒட்டி உருகியிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. அங்கேயும் ஒன்றும் இல்லை.

அடுத்து கிளட்ச். ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை விட்டால் நல்ல கிளட்ச் உடனே பிடித்து இன்ஜின் நின்றுபோகும். தேய்ந்த கிளட்ச் வழுக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். என் வண்டி சட்டென்று நின்றது. இந்தச் சோதனையே கிளட்ச்சைச் சூடாக்கும் என்பதால் ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். ரோட்டிலும் பார்த்தேன்: நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறக் கூடாது. ஏறவில்லை. அத்துடன் கிளட்ச் மேல் இருந்த சந்தேகம் போயிற்று.

நான்கு சக்கரம், நான்கு அளவு

மிச்சம் இருப்பது பிரேக். இதற்கு, தொடாமலேயே சூட்டை அளக்கும் ஐஆர் தெர்மாமீட்டர் துப்பாக்கி மாதிரி உதவும் சாமான் வேறு இல்லை. கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த ரகம் ஆகாது. அது உடல் சூட்டைக் காட்டுவதற்கு, நாற்பது சொச்சம் டிகிரிக்கு மேல் காட்டாது. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும், 300 டிகிரிக்கு மேல் காட்டுகிற ரகம் வேண்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உண்மைச் சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் டிஸ்க்கின் பளபளப்பான பகுதியை விட்டுவிட்டு, நடுவில் துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கும் பகுதியில் அளந்தேன். இரண்டு பக்கமும் அதே இடம், அதே தூரம். எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஊருக்குள் சாதாரணமாக ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வந்து நிறுத்தி அளந்தேன். வலது முன்சக்கரம் 68 டிகிரி. பின்சக்கர டிரம் இரண்டும் ஐம்பதை ஒட்டி. இடது முன்சக்கரம் 181.

அந்த எண்ணைப் பார்த்ததுமே ஏற்காட்டு இறக்கம்தான் நினைவுக்கு வந்தது. அதில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் சொச்சம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.4 கோடி ஜூல். அதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த சுமார் 1.67 லட்சம் ஜூல். அதாவது மலையிலிருந்து இறங்குவது, 60-இல் ஓடும் வண்டியை 80 தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதியை இன்ஜின் தலையில் கட்டத்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். அதற்கும் மேல் மிஞ்சுவதை நான்கு சக்கரம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் அங்கே சூடு குவியும். பிரேக் ஆயில் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பொசுக்கென்று கீழே போகும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் குணமுடையது. சமதளத்திலேயே 181 காட்டும் சக்கரத்தோடு திரும்ப மலைக்குப் போக யாருக்கும் தைரியம் வரக் கூடாது.

துப்பாக்கி இல்லாவிட்டால்? கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனால், தொடாமலேயே வித்தியாசம் தெரியும். தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்து வரும். வேறு அடையாளங்களும் இருந்தன. இடது முன்சக்கர வீல் கப்பில் மட்டும் கருப்புத் தூள் திட்டாகப் படிந்திருந்தது. ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. வாசல் சரிவில் நியூட்ரல் போட்டால் முன்பெல்லாம் தானாக உருளும், இப்போது தள்ள வேண்டியிருந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும்

சமதளம், முதல் கியர், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டு. வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு ஜாக்கி ஏற்றினேன். ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்து, அதன் மேல் வண்டி உட்கார்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கழற்றிய டயரையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பேன், ஒரு காப்பு.

சக்கரத்தைக் கழற்றும் முன், கியரை நியூட்ரலுக்கு மாற்றி அதைக் கையால் சுற்றினேன். டிஸ்க் பிரேக்கில் பேடு லேசாக உரசுவது இயல்பு. முன்சக்கர இழுவை வண்டியில் டிரைவ் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றுவதால் கொஞ்சம் கனமாகவும் இருக்கும். வலது சக்கரம் ஒரு தள்ளுக்கு ஒரு சுற்றுக்கு மேல் ஓடியது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

பிடித்துக்கொண்டிருப்பது எது என்று இங்கே பிரிக்க வேண்டும். மூன்று இடம் சாத்தியம். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போய், போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். பேடுகளை டிஸ்க்கின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தும் கவ்வியான காலிப்பரின் பிஸ்டன் துருவேறி உள்ளே போகாமல் நிற்கலாம். அல்லது காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஸ்லைடு பின் (pin) ஜாமாகியிருக்கலாம். ஹோஸைச் சோதிக்க எளிய வழி உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் சின்னக் குழாய் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று இளக்க வேண்டும். ஆயில் பீச்சியடித்து, சக்கரம் உடனே இளகிவிட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. ஹோஸையோ, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு சொட்டு வந்தது, சக்கரம் அப்படியே இறுக்கமாக இருந்தது. ஆக, இறுக்கம் ஆயிலால் வந்ததில்லை.

இந்த வகைக் காலிப்பர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் மீதி புரியும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. மிதித்தால் அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். காலை எடுத்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல், முறுக்கம் தளர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த மயிரிழை இடைவெளி இரண்டு பக்கமும் கிடைக்க வேண்டுமானால் காலிப்பர் பின்களின் மேல் தடையில்லாமல் நகர வேண்டும். ஒரு பின் பிடித்துக்கொண்டால் காலிப்பர் கோணலாக நிற்கும், பேடு டிஸ்க்கை விடாது.

கீழ் போல்ட்டை 14 ஸ்பேனரால் கழற்றினேன். போல்ட் சுற்றும்போது பின்னும் கூடவே சுற்றும் என்பதால், பின்னின் தலையை இன்னொரு மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். காலிப்பரை மேல் பின்னை அச்சாக வைத்து மேலே தூக்கிக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டினேன். ஹோஸில் தொங்க விடவே கூடாது. பேடுகளை எடுத்துப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. உள்பேடின் ஒரு முனை 3 மி.மீ., மறுமுனை 5. வெளிப்பேடு 7. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்து, விளிம்பில் வெளுத்திருந்தது. வாடை அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

மேல் பின் விரலால் இழுத்தாலே வந்தது. கீழ் பின் அசையவில்லை.

இந்த ஒரு பின்னுக்குத்தான் அன்று காலையில் பாதி நேரம் போனது. இழுத்தால் வராது, அடித்தால் பிராக்கெட் கெடும். தலையில் ஸ்பேனர் போட்டு வலமும் இடமுமாக மெல்லத் திருப்ப ஆரம்பித்தேன். முதலில் ஒரு நூல் அளவுகூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியதும், திருப்பிக்கொண்டே வெளியே இழுத்தேன். கடைசியில் பக்கென்று சத்தத்தோடு வந்தது. நுனியில் ஒரு சின்ன ரப்பர் புஷ் இருந்தது. பின் குழிக்குள் ஆடிக் கடகடவென்று சத்தம் வராமலிருக்க ஒரு பின்னில் மட்டும் அதைப் போட்டிருப்பார்கள். அந்த ரப்பர் ஊதிப்போய், மெத்தென்று, விரலில் ஒட்டியது. சுற்றிலும் கறுத்துக் கெட்டியான கிரீஸ். இன்னும் உள்ளே, குழியின் அடியில், கிரீஸின் பழைய நிறம் கொஞ்சம் மிச்சமிருந்தது: மஞ்சள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ்.

காரணம் அதுதான். பிரேக் பாகங்களில் வரும் ரப்பர் பெரும்பாலும் பிரேக் ஆயிலைத் தாங்குவதற்கென்று செய்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உறிஞ்சிக்கொண்டு ஊதும். முன்பு பேடு மாற்றிய இடத்தில் நல்ல எண்ணத்தில்தான் கிரீஸ் வைத்திருக்கிறார்கள், கையில் இருந்ததை வைத்திருக்கிறார்கள். வைத்தவுடன் வழுவழுவென்று நகர்ந்திருக்கும். ரப்பர் மெல்ல மெல்லப் பருத்துக் குழியை அடைத்த பிறகுதான் பின் நின்றுபோனது. இங்கே போட வேண்டியது பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ். சின்ன பாக்கெட், விலையும் சொற்பம். நம் ஊரில் பேடு மாற்றும்போது பெரும்பாலும் கேட்கப்படாத சாமான் இது. அடுத்த முறை வண்டியை விடும்போது எந்த கிரீஸ் வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிஸ்டனையும் பார்த்தாக வேண்டும். மச்சினனை உள்ளே உட்கார வைத்து, பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை கொடுத்துவிட்டு, பெடலை மெதுவாக ஒரே ஒருமுறை மிதிக்கச் சொன்னேன். பிஸ்டன் சீராக வெளியே வந்தது. டஸ்ட் ரப்பரில் கிழிசல் இல்லை, துருவும் இல்லை. பழைய பேடை மேலே வைத்து சி கிளாம்ப்பால் அழுத்தியதும் தடையில்லாமல் உள்ளே போனது. இப்படி அழுத்தும்போது பிளீடரைத் திறந்துவிட்டால் சூட்டில் கெட்ட ஆயில் மேலே போகாமல் பாட்டிலுக்கு வந்துவிடும். அழுத்துவதை நிறுத்தும் முன்பே பிளீடரை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காற்று ஏறும். பிரேக் ஆயில் பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், அதனால் தண்ணீர் பக்கெட்டும் பக்கத்தில் இருந்தது.

டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது, விரிசல் இல்லை. தடிமன் அளக்க ஒரு கைமுறை உண்டு. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் தேயாத ஓரம் மேடாக நிற்கும். வெர்னியர் அந்த மேட்டில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டிவிடும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒரு ரூபாய் நாணயம் வைத்து, அவற்றின் மேல் அளந்து, பிறகு இரண்டு நாணயத்தையும் சேர்த்து அளந்து கழித்தேன். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிட நன்றாகவே மேலே இருந்தது, அதனால் டிஸ்க்கை மாற்றவில்லை.

திரும்பப் பூட்டியது

வாங்கியவை: முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு செட் பேடு, ஸ்லைடு பின் கிட், ஒரு பாட்டில் டாட் 4, பிரேக் கிளீனர். அந்தக் கிட்டில் பின்கள், அவற்றை மூடும் பூட் ரப்பர், புஷ், கிரீஸ் பாக்கெட் எல்லாம் இருந்தன. பழைய பின்னில் துரு லேசாகத்தான் இருந்தது, எமரி போட்டுத் தேய்த்துத் திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் தேய்த்த இடத்தில் முலாம் போய்விடும், மழைக்காலத்தில் திரும்பத் துருப்பிடிக்கும். புதிதே போட்டேன்.

பிரேக் தூளை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், மூச்சில் போகக் கூடாத தூசு அது. கிளீனர் அடித்து ஈரமாகத் துடைத்தேன். பின் குழிக்குள் மெல்லிய குச்சியில் பனியன் வேஸ்ட் சுற்றி, மஞ்சள் நிறம் துளியும் வராத வரை துடைத்தேன். இதில் சலித்துக்கொள்ளக் கூடாது. பழைய கிரீஸ் மிஞ்சினால் புது ரப்பரும் அதே வழியில்தான் போகும். பேடின் காது உட்காரும் இடத்தில் ஸ்டீல் கிளிப்பைக் கழற்றி, அடியில் பொருக்காகக் கிளம்பியிருந்த துருவை வயர் பிரஷ் போட்டு எடுத்தேன். புது பேடு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டிப் பொருத்த வேண்டியிருந்தால் அது அடுத்த ஜாமுக்கு அச்சாரம்.

சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாக. குழி நிறைய அடைத்தால் காற்றும் கிரீஸும் உள்ளே சிக்கிப் பின்னை வெளியே தள்ளும். பின்னைச் செருகிவிட்டு பூட் ரப்பரின் ஓரத்தை விரலால் அழுத்திச் சிக்கிய காற்றை விட்டேன். புஷ் உள்ள பின் மேலேயா கீழேயா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கழற்றும்போதே அடையாளம் போட்டு வைப்பது நல்லது. போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்கினேன்.

வலது பக்கத்தையும் பிரித்தேன். அங்கே வாடையும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் குழிக்குள் அதே மஞ்சள் கிரீஸ். புஷ் ஊதத் தொடங்கியிருந்தது, இன்னும் பிடிக்கவில்லை. அதற்கும் கிட் போட்டேன். பேடை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆயில் நான்கு சக்கரத்திலும் மாற்றினோம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். பழைய ஆயில் பழுப்பாக வந்தது. இடது முன்சக்கரத்திலிருந்து வந்தது கறுப்பு. எல்லாம் பூட்டி முடித்ததும் உள்ளிருந்து மச்சினன் குரல்.

"மாமா, பெடல் கீழயே போகுது!"

"அமுத்திட்டே இரு, கெட்டியாகிரும்."

பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதலில் சில மிதிகள் வெறுமையாகப் போகும். பெடல் கெட்டியாகும் முன்பு வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. வீட்டில் பேடு மாற்றுகிறவர்கள் மறக்கக் கூடாத இடம் இது. முதல் பிரேக்கே பிடிக்காமல் சுவரில் போய் நிற்கும்.

புது பேடு டிஸ்க்கோடு படிய வேண்டும். வண்டி நடமாட்டமில்லாத நேரத்தில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்குக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல் திரும்ப வேகமெடுத்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினேன். இந்த நேரத்தில் கொஞ்சம் வாடை வரும், அது பேடு படியும் வாடை, பயப்பட வேண்டாம். மறுநாளும் வந்தால் பயப்படலாம்.

மறுநாள் அதே ஊர்ச்சுற்று, அதே இடத்தில் அளவு: இடது 66, வலது 64. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியதில் இரண்டும் ஒன்றுபோல ஓடின. கிளட்ச் பெட்டி திறக்கப்படாமலேயே இருக்கிறது. ஒர்க்ஷாப் மெக்கானிக்கிடம் ஊதிப்போன புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலில் வைத்து உருட்டிப் பார்த்தவர், "நாங்களும் இந்த கிரீஸ்தானுங்க சார் வெக்கறோம்," என்றார். சிலிகான் பாக்கெட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார், சொன்னேன்.

பிறகு ஏற்காடு போய்வந்தோம். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டேனே தவிர மிதித்தே வைத்திருக்கவில்லை. அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி அளந்ததில் இடது 127, வலது 121. மலை இறங்கிய டிஸ்க்குக்கு அது நியாயமான சூடு. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாமல், சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரில் விட்டு, டீ குடித்து முடிக்கும் வரை ஆறவிட்டோம். வாடை இருந்தது, மிக லேசாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

அடுத்து பின்சக்கர டிரம்மைப் பிரித்து, அதன் உள்ளே பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை அதே மெக்கானிக்கிடம்தான் போகிறது.